கிணற்று நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

ஊர்ப்புறத்தில் அரை ஏக்கர் நிலம் வாங்கி வீடு கட்ட முனையும் ஒருவர் அக்கம்பக்கத்தாரிடம் முதலில் கேட்பது, "இங்கே தண்ணீர் எத்தனை அடியில்?" என்பதுதான். இக்கேள்விக்கு ஒரே தெருவில் மூன்று விடைகள் கிடைக்கும். ஒருவர் 40 அடி என்பார். இன்னொருவர் 80 அடி என்பார். மூன்றாமவர் 400 அடி என்பார். மூவரும் உண்மையே சொல்கிறார்கள். ஆனால் மூவரும் வெவ்வேறு அளவுகளைச் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, வரும் வழியில் எதைக் கரைத்துக் கொண்டு வருகிறது என்று கேட்பவர் அரிது. குடிநீரைப் பொறுத்தவரை அதுவே பெரிய கேள்வி. இரண்டு கேள்விகளுக்கும் விடை காண உயர்நிலைப் பள்ளி இயற்பியல் பெரும்பாலும் போதும்.

பாறைக்குள் நீர்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறைப் பகுதியாகும். கடற்கரையோரத்தையும் காவிரிக் கழிமுகத்தையும் விட்டு உள்ளே வந்தால், தருமபுரி, சேலம், நாமக்கல், கோவை, திண்டுக்கல் என எங்கும் காலுக்கடியில் கருங்கல் இனப் பாறைகளே. நிலத்தடியில் ஆறு ஓடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. மேலே சில அடி மண். அதன் கீழ் வெயிலாலும் மழையாலும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிதைந்து பொடிந்த பாறை. அதற்கும் கீழ் சிதையாத பாறை. சிதைந்த பாறை கடற்பஞ்சு போல நீரைத் தாங்கும். சிதையாத பாறையோ தன் பருமனில் நூற்றில் ஒரு பங்கு நீரைக்கூடக் கொள்ளாது. அதில் நீர் இருப்பது வெடிப்புகளில் மட்டும்தான்.

இப்போது அந்த மூன்று விடைகளைப் பார்ப்போம். 40 அடி என்றவர் திறந்த கிணறு வைத்திருப்பவர். சிதைந்த பாறையில் தேங்கிய நீரின் மேல்மட்டம் அது. மற்ற இருவரும் ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள். துளையிடும்போது 400 அடியில் ஒரு வெடிப்பு குறுக்கிட்டு நீர் பீறிட்டது. அதை ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டார். பீறிட்ட நீர் குழாயில் ஏறி 80 அடியில் வந்து நின்றது. அதை மற்றவர் நினைவில் வைத்துக்கொண்டார். 400 அடியிலிருந்து 80 அடி வரை, அதாவது 320 அடி உயரத்துக்கு, நீரை ஏற்றியது எது? வெடிப்பில் இருந்த அழுத்தம்தான். 10.3 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். 320 அடி என்பது 97.5 மீட்டர். ஆகவே அந்த வெடிப்பில் நீர் ஒன்பது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அடைபட்டிருந்தது எனலாம். தொலைவில், உயரமான ஓரிடத்தில், அந்த வெடிப்பு மழைநீர் இறங்கும் பகுதியோடு தொடர்பு கொண்டிருக்கிறது என்பதற்கு இந்த அழுத்தமே சான்று. "400 அடிக்குக் கீழே இருக்கும் நீர், மேலே உள்ள அழுக்கு அங்கே எப்படிப் போகும்?" என்று கேட்பவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மட்டத்தை அளத்தல்

திறந்த கிணற்றின் நீர்மட்டத்தைக் காண மாணவர்களுக்குப் பிடித்த வழி கல்லைப் போடுவது. கல் விழுந்து ஒலி கேட்க 2 வினாடி ஆனால், ½gt² என்ற சமன்பாடு 19.6 மீட்டர் என்று சொல்லும். ஒலி மேலே வரவும் சிறிது நேரம் ஆகும். அதையும் சேர்த்தால் சரியான விடை 18.5 மீட்டர். கணக்கு அழகானது. ஆனால் கைக்கடிகாரத்தை நிறுத்துவதில் பத்தில் ஒரு வினாடி தவறினாலும் விடை ஏறக்குறைய 2 மீட்டர் மாறிவிடும். பின்னால் நமக்குச் சென்டிமீட்டர் கணக்கில் துல்லியம் தேவைப்படப் போகிறது. ஆகவே இம்முறையைப் பொழுதுபோக்குக்கு வைத்துக் கொள்ளலாம்.

எஃகு அளவுநாடாவின் கீழ்முனையில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சாக்குக்கட்டியைப் பூசுங்கள். முனை நீரில் மூழ்கும் வரை நாடாவை இறக்கி, கிணற்றின் விளிம்பில் எத்தனை மீட்டர் காட்டுகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். மேலே எடுத்தால் நனைந்த பகுதியில் சாக்குப்பூச்சு நிறம் மாறியிருக்கும். அந்த நீளத்தைக் கழித்தால் நீர்மட்டத்தின் ஆழம் கிடைக்கும். குறுகலான ஆழ்துளைக் கிணற்றுக்கு இரட்டைக் கம்பி முறை ஏற்றது. உறையிட்ட இரண்டு மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டி, நுனியில் மட்டும் உறையை உரித்து, மேல்முனைகளை ஒரு மல்டிமீட்டரின் ஓம் அளவையில் இணைத்துக் கீழே இறக்க வேண்டும். நுனி நீரைத் தொட்ட கணத்தில் முள் துள்ளும். எதற்கும் மோட்டார் ஓய்ந்து ஓர் இரவு கழிந்த பிறகு, விடியற்காலையில் அளப்பது நல்லது.

ஒருமுறை அளந்தால் போதாது. மே மாதத்தில் 40 அடியில் இருந்த நீர் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் 10 அடிக்கு வந்துவிடக் கூடும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளப்பது இதனால்தான். வீட்டுக்காரருக்குக் கோடையின் இறுதியிலும் மழையின் இறுதியிலும் எடுத்த இரண்டு அளவுகளாவது வேண்டும். முன்னது மோட்டாரை எவ்வளவு ஆழத்தில் இறக்குவது என்று சொல்லும். பின்னது கழிவறைக் குழியை எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்று சொல்லும். குழியின் அடிக்கும் மழைக்கால உச்ச நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டராவது உலர்ந்த மண் இருக்க வேண்டும். கோடையில் காய்ந்த குழியைப் பார்த்து ஆழத்தை முடிவு செய்பவர்கள், கார்த்திகையில் அக்குழி நிலத்தடி நீரிலேயே நிற்பதை அறிவதில்லை.

மண்ணுக்குள் மின்சாரம்

கிணறே இல்லாத புது நிலத்தில் என்ன செய்வது? தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களை எல்லா ஊரிலும் காணலாம். சிதைந்த பாறை பரவியுள்ள இடத்தில் எங்கே தோண்டினாலும் ஓரளவு நீர் வரும் என்பதே அவர்களுடைய வெற்றியின் பெரும்பகுதி. இயற்பியலாளர் நம்புவது வேறு ஒரு குறிப்பை. உலர்ந்த பாறை மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உப்புகள் கரைந்த நீரை உறிஞ்சிய பாறை கடத்தும்.

இதை அளக்க அமெரிக்காவின் ஃபிராங்க் வென்னர் 1915 இல் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. நான்கு இரும்பு முளைகளை ஒரே நேர்கோட்டில் சம இடைவெளியில் அடிக்க வேண்டும். வெளி முளைகள் இரண்டின் வழியாக மின்னோட்டம் செலுத்தி, உள் முளைகள் இரண்டுக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாட்டை அளக்க வேண்டும். இரண்டு முளைகளே போதாதா என்று வகுப்பில் எப்போதும் ஒரு மாணவன் கேட்பான். போதாது. முளையும் மண்ணும் தொடும் இடத்தில் உள்ள தடை, நாம் அளக்க விரும்பும் நிலத்தின் தடையைவிடப் பன்மடங்கு பெரிதாக இருக்கும். உள் முளைகளின் வழியே மின்னோட்டம் அநேகமாகப் பாயாததால் அந்தத் தொல்லை அங்கே எழுவதில்லை.

ஒரு முளையில் நுழையும் மின்னோட்டம் நிலத்துக்குள் அரைக்கோள வடிவில் பரவுகிறது. அரைக்கோளத்தின் பரப்பு 2πr². இதிலிருந்து, முளைகளின் இடைவெளியை a என்றும், அளந்த மின்னழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்து வந்த தடையை R என்றும் கொண்டால், நிலத்தின் தன்மின்தடை 2πaR என வருகிறது. அலகு ஓம்-மீட்டர். இடைவெளியை அகற்ற அகற்ற மின்னோட்டம் மேலும் மேலும் ஆழத்தில் பாயும். இடைவெளி எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவு ஆழம் என்பது முரட்டுக் கணக்கு. சரியான ஆழத்தை வரைபடங்களோடு ஒப்பிட்டே காண்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. இடைவெளி 5 மீட்டராக இருக்கும்போது R 3.2 ஓம் என்றால், தன்மின்தடை 100 ஓம்-மீட்டர். இடைவெளி 10 மீட்டரில் 0.9 ஓம், அது 57 ஓம்-மீட்டர் ஆகிறது. 20 மீட்டரில் 0.6 ஓம், அதாவது 75. 40 மீட்டரில் 0.55 ஓம், அதாவது 138. மதிப்பு முதலில் இறங்கிப் பின் ஏறுகிறது. மேலே உலர்ந்த மண், நடுவே ஈரமான சிதைந்த பாறை, கீழே கெட்டிப் பாறை என்று இதைப் படிக்கலாம்.

"படிக்கலாம்" என்றுதான் சொன்னேன். குறைந்த தன்மின்தடை நல்ல நீரையும் குறிக்கலாம், களிமண்ணையும் குறிக்கலாம், உவர்நீரையும் குறிக்கலாம். கருவிக்கு மூன்றும் ஒன்றே. அருகிலுள்ள ஒரு கிணற்றின் சுவரில் எந்த ஆழத்தில் என்ன மண் தெரிகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளாமல், கருவியின் எண்ணை மட்டும் கொண்டு இடம் குறிப்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

மூன்று கிணறுகள்

இனி நம் பெரிய கேள்விக்கு வருவோம். நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது? கழிவறையைக் கிணற்றுக்குப் பள்ளப் பக்கத்தில் கட்ட வேண்டும் என்பது ஊரில் எல்லாரும் அறிந்த விதி. தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்? தரைமேல் ஓடும் தண்ணீருக்கு அது சரி. நிலத்தடி நீர் தரையின் சாய்வைப் பார்ப்பதில்லை. தன் மட்டத்தின் சாய்வைத்தான் பார்க்கிறது. பெரும்பாலும் இரண்டும் ஒரே திசையில் இருக்கும். எப்போதும் அல்ல.

இதை அறிய மூன்று கிணறுகள் வேண்டும். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கக்கூடாது. மூன்றும் திறந்த கிணறுகளாக, ஒரே அடுக்கிலிருந்து நீர் பெறுபவையாக இருக்க வேண்டும். திறந்த கிணற்றோடு ஆழ்துளைக் கிணற்றைக் கலந்தால் கணக்கு கெடும். அடுத்து மூன்று விளிம்புகளின் உயர வேறுபாட்டைக் காண வேண்டும். கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயே இதற்குப் போதும். அதை நிலத்தில் எட்டு எட்டாக நகர்த்திச் சென்றால், 200 மீட்டர் தொலைவுக்கும் ஓரிரு சென்டிமீட்டருக்குள் விடை கிடைக்கும்.

நம் கிணற்றின் விளிம்பை 100.00 மீட்டர் என்று வைத்துக் கொள்வோம். நீர் 12.40 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆக நீர்மட்டம் 87.60. வடக்கே மேட்டில் ஒரு தோட்டத்துக் கிணறு. அதன் விளிம்பு 101.20, நீர் 14.60 ஆழத்தில், ஆக நீர்மட்டம் 86.60. தெற்கே பள்ளத்தில் மற்றொரு கிணறு. அதன் விளிம்பு 99.40, நீர் 10.80 ஆழத்தில், நீர்மட்டம் 88.60.

எண்களை மீண்டும் பாருங்கள். தரை வடக்கிலிருந்து தெற்கே தாழ்கிறது. நீர்மட்டமோ தெற்கிலிருந்து வடக்கே தாழ்கிறது! மேட்டுத் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் மோட்டார் ஓடுகிறது. அக்கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் ஒரு புனல் போலக் குழிந்து, ஓர் இரவு ஓய்வில் மீளாமல் இருக்கிறது. அந்தப் புனல் பள்ளத்து நீரை மேட்டை நோக்கி இழுக்கிறது. ஊர் விதியை நம்பி நம் கிணற்றுக்குத் தெற்கே, பள்ளப் பக்கத்தில், கழிவறைக் குழியைத் தோண்டினால், அதன் கசிவு நேரே நம் கிணற்றுக்குத்தான் வரும். தெற்கே பக்கத்து வீட்டு எருக்குழி இருந்தால் அதுவும் அப்படியே.

திசையைத் துல்லியமாகக் காண வரைபடத்தாளில் மூன்று கிணறுகளையும் அளவுப்படி குறியுங்கள். வடக்குக் கிணற்றையும் தெற்குக் கிணற்றையும் ஒரு கோட்டால் இணையுங்கள். இரண்டுக்கும் இடையே 200 மீட்டர் என்று கொண்டால், 2 மீட்டர் வீழ்ச்சியில் நம் கிணற்றின் 87.60 என்ற மட்டம் சரியாக நடுவில், 100 ஆவது மீட்டரில் வரும். அப்புள்ளியையும் நம் கிணற்றையும் இணைக்கும் கோடு சம நீர்மட்டக் கோடு ஆகும். நீர் அதற்குச் செங்குத்தாக நகரும். மின்புலத்தில் சம மின்னழுத்தக் கோடுகளுக்குச் செங்குத்தாக விசைக்கோடுகள் அமைவதைப் படித்த மாணவர்களுக்கு இது புதிதன்று. நம் எடுத்துக்காட்டில் இந்தக் கோடு வடக்கு-தெற்குக் கோட்டுக்குச் செங்குத்தாகவே அமைகிறது என்று எளிமைக்காகக் கொள்வோம். அப்போது நீர்மட்டச் சாய்வு 200க்கு 2, அதாவது 100க்கு 1.

தோட்டத்தில் பயிர் மாறினால், நல்ல மழை பெய்தால், இந்தத் திசையும் மாறலாம். ஆகவே இந்த அளவையும் கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை எடுக்க வேண்டும்.

அடிக்கணக்கா, நாள்கணக்கா?

கிணற்றுக்கும் கழிவறைக்கும் 50 அடி இடைவெளி இருந்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். நோய்க்கிருமிகள் அடியை எண்ணுவதில்லை. அவை நிலத்துக்குள் எத்தனை நாள் உயிரோடு இருக்கின்றன என்பதே முக்கியம். மலத்திலிருந்து வரும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சில வாரங்களில் மடிந்துவிடும். சில வைரசுகள் அதைவிட நீண்ட நாள் தாங்கும். ஜெர்மனியில் குடிநீர்க் கிணற்றைச் சுற்றிய பாதுகாப்பு வட்டத்தை மீட்டரில் அல்ல, நாளில் வரையறுக்கிறார்கள்: நீர் 50 நாளில் வந்து சேரக்கூடிய எல்லைக்குள் கழிவு எதுவும் கூடாது.

நம் 50 அடியை நாளாக மாற்றிப் பார்ப்போம். பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856 இல் வெளியிட்ட விதி இதற்கு உதவும். நீரின் வேகம் என்பது, மண்ணின் ஊடுருவு திறனைச் சாய்வால் பெருக்கி, நீர் நகரக்கூடிய துளைகளின் பங்கால் வகுத்தால் வருவது. சிதைந்த பாறைக்கு ஊடுருவு திறன் நாளுக்கு 1 மீட்டர் என்றும், துளைகளின் பங்கு நூற்றுக்கு 5 என்றும் வைப்போம். சாய்வு 100க்கு 1. வேகம் நாளுக்கு 0.2 மீட்டர் என வருகிறது. 50 அடியை, அதாவது 15 மீட்டரைக் கடக்க 75 நாள் ஆகும். நல்லது, கிருமிகள் வழியிலேயே மடியும்.

நம் மோட்டாரைப் போட்டதும் நம் கிணற்றைச் சுற்றியும் ஒரு புனல் தோன்றும். சாய்வு 20க்கு 1 ஆகிவிட்டால், 75 நாள் 15 நாளாகச் சுருங்கும்.

வெடிப்புகளின் வழியே நீர் வந்தால் கதை வேறு. அங்கே துளைகளின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுதான். மற்ற எண்கள் எல்லாம் அப்படியே இருந்தாலும் வேகம் நாளுக்கு 10 மீட்டர். 50 அடியைக் கடக்க ஒன்றரை நாள்! துளை குறைந்தால் நீர் மெதுவாக அல்லவா செல்லும் என்று தோன்றும். அகன்ற வாய்க்காலில் ஓடும் அதே அளவு நீரைக் குறுகலான குழாயில் விட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆழ்துளைக் கிணற்றை நம்புவோர்க்கு இதனால்தான் எச்சரிக்கை தேவை. துளைக்குள் இறக்கும் உறைக்குழாய் சிதைந்த பாறையை முழுதும் கடந்து கெட்டிப் பாறையில் ஊன்றி நிற்க வேண்டும். குழாய்க்கும் துளையின் சுவருக்கும் இடையே உள்ள வெளியைச் சிமென்டுக் குழம்பால் அடைக்க வேண்டும். செலவைக் குறைக்க இருபது அடி குழாயை மிச்சம் பிடிப்பதும், இடைவெளியைத் தோண்டிய மண்ணாலேயே மூடிவிடுவதும் அன்றாடம் நடப்பவை. அப்படிச் செய்தால் 400 அடித் துளை, மேலே உள்ள அழுக்கு நீர் கீழே இறங்க நாமே போட்டுக் கொடுத்த வழியாகிவிடும்.

சோதனை

கையடக்கமான டி.டி.எஸ். மீட்டர் இன்று பல வீடுகளில் இருக்கிறது. அது அளப்பது மின்கடத்தலை மட்டும்தான். அதிலிருந்து கரைந்த உப்புகளின் மொத்தத்தைக் கணித்துக் காட்டுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாவிடில் 2000 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஆனால் கிருமி மின்சாரத்தைக் கடத்துவதில்லை. 500 மில்லிகிராம் உப்புக்குள் 3 மில்லிகிராம் ஃபுளூரைடு ஒளிந்திருந்தால் அதையும் மீட்டர் பிரித்துச் சொல்லாது. எண் குறைவாக இருப்பதால் நீர் நல்லது என்று முடிவு கட்டுவது தவறு.

ஃபுளூரைடு மனிதன் சேர்த்த மாசு அன்று, பாறையே தருவது. கருங்கல்லில் உள்ள சில கனிமங்களிலிருந்து அது மெல்லக் கரைகிறது. நீர் பாறைக்குள் நெடுநாள் தங்கினால் கூடுதலாகக் கரையும். ஆகவே ஆழத்து நீரில் அது மிகுதியாக இருக்க வாய்ப்புண்டு. அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் எலும்பு இறுகி முடங்கிய மக்களைப் பற்றி மருத்துவர்கள் 1937 இலேயே எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டு செல்லும் திட்டம் 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டதும் இதன் பொருட்டே. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, 1.5 இறுதி எல்லை.

நைட்ரேட்டு இதற்கு நேர்மாறானது. மலக்குழி, தொழுவம், வயலில் இடும் யூரியா ஆகியவற்றிலிருந்து மேலிருந்து வருவது அது. எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். பெரியவர்களைவிடக் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், கிணற்று நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கப்பட்ட சிசுக்களின் உடல் நீலம் பாரித்ததை ஹன்டர் காம்லி என்ற மருத்துவர் 1945 இல் விளக்கினார். நைட்ரேட்டு, குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுத்துவிடுகிறது. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஃபுளூரைடும் போகா. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நைட்ரேட்டோடு குளோரைடும் அக்கம்பக்கக் கிணறுகளைவிட உயர்ந்திருந்தால், கழிவு கலக்கிறது என்று ஐயுறலாம். குளோரைடு நிலத்தில் அழிவதில்லை. கசிவின் தடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

கிருமிக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. நம் நாட்டு அறிவியலாளர்கள் மாஞ்சா, மௌரியா, ராவ் ஆகிய மூவர் 1982 இல் வெளியிட்ட முறை அது. மருந்து தோய்த்த தாளுள்ள சிறு குப்பியில் நீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் அறை வெப்பத்தில் வைத்தால், மலக் கலப்புள்ள நீர் கருப்பாக மாறும். கருத்தால் முழுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைச் சாலைகள் மாவட்டந்தோறும் கட்டணத்துக்கு இதைச் செய்து தருகின்றன. உப்புகளின் சோதனைக்கு ஒரு லிட்டர் நீரைத் தூய பிளாஸ்டிக் புட்டியில், அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசிய பின் பிடிக்கலாம். கிருமிச் சோதனைக்குரிய புட்டியை மட்டும் அலசக்கூடாது. சோதனைச் சாலையிலேயே கிருமி நீக்கித் தருவார்கள். அதை வாயில் விரல் படாமல் நிரப்பி, பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். உப்புகளுக்கு மே மாத நீரே கடுமையான சோதனை. கிருமிக்கு அப்படியன்று, முதல் பெருமழை பெய்து, குழிகளும் எருமேடுகளும் நனைந்து கசியத் தொடங்கிய வாரத்தில் எடுத்த நீரையே அனுப்ப வேண்டும்.